பிள்ளைக் கைக்கு ஏற்ற பொருள்

என் தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்த மூன்றாம் நாள், சட்டை, குல்லாய், கையுறை, காலுறை எல்லாம் அடங்கிய ஓர் அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த எங்கள் அத்தை பெட்டியைப் பிரித்து, சட்டையின் கழுத்துப் பட்டியை விரலால் தடவிப் பார்த்தார். "ஏய்யா, இது பிள்ளைய அறுக்கும்யா. நாலு தண்ணி போட்டு எடுத்துட்டு வா, பெறவு போடலாம்" என்று மூடி வைத்துவிட்டார்.

பிறகு தம் மஞ்சள் பையிலிருந்து ஓர் அடுக்குத் துணியை எடுத்தார். இருபது ஆண்டுகளாவது அவர் உடுத்தித் துவைத்த நூல் சேலை அது. அதை முழம் முழமாகக் கிழித்து, ஓரம் சுருட்டித் தைத்திருந்தார். இரண்டு சட்டைகளும் அதில் இருந்தன. தையல் முழுவதும் வெளிப்பக்கம். பிள்ளையின் உடம்பில் படும் பக்கம் மழமழவென்று இருந்தது. பித்தான் இல்லை, ஊக்கு இல்லை. முன்பக்கம் முடிச்சுப் போட இரண்டு நாடாக்கள் மட்டும், ஒவ்வொன்றும் அவர் விரல் நீளத்துக்கு. நாடா ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று கேட்டேன். "நீளமா வெச்சா கழுத்துல சுத்திக்கிடும்லா?" என்றார்.

குழந்தைக்குக் கையால் செய்து கொடுக்கும் பரிசு என்றால் பாசம், அழகு, பழமை என்றுதான் நாம் பேசுவோம். அத்தையின் சட்டையில் பாசம் இருந்தது. அதைவிடப் பெரிதாக அறிவும் இருந்தது. பச்சைக் குழந்தையின் தோல் எப்படிப்பட்டது, அதன் கை எங்கே போகும், எது அதன் கழுத்தைச் சுற்றும் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் தைத்த சட்டை அது. நல்ல கைவினைப் பரிசு குழந்தையின் உடலை அளவுகோலாகக் கொண்டு செய்யப்படுவது. அந்த அளவு தவறினால், எவ்வளவு அன்போடு செய்தாலும் அது நல்ல பரிசாகாது. நம் மரபில் இந்த அளவறிவு எப்படி இருந்தது, இன்றைய ஆய்வுகள் அதில் எதை உறுதிசெய்கின்றன, எதைத் திருத்தச் சொல்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏட்டில் உருளும் சிறுதேர்

தமிழ் இலக்கியத்தில் குழந்தையின் விளையாட்டுப் பொருள் மிகப் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு சிறுதேர் வருகிறது. நாள்தோறும் தேர்களைப் பார்த்துப் பழகிய தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேர். அதில் ஏறிப் போக முடியாது, உருட்டத்தான் முடியும். தளர்நடைப் பிள்ளைகள் அதை உருட்டி உருட்டிக் களைத்து, செவிலியிடம் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறார்கள். நம் வீடுகளில் நேற்றுவரை இருந்த நடைவண்டியின் மூதாதை என்று இதைக் கொள்ள இடமிருக்கிறது. பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத்திலும் மூன்று சக்கரச் சிறுதேர் ஒன்று உண்டு. முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்ன வந்த கோழியை விரட்ட ஒரு பெண் தன் காதணியைக் கழற்றி எறிகிறாள். அது குழந்தைகள் உருட்டிவரும் தேரின் வழியில் கிடந்து தடுக்கிறது. ஊரின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவர், அதைக் குழந்தையின் தேர்ச் சக்கரத்தருகே கொண்டுவந்து காட்டுகிறார்.

குறுந்தொகையின் 61ஆம் பாடல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தச்சன் செய்த சிறிய வண்டியில் ஏறிச் செல்லும் இன்பம் குழந்தைக்குக் கிடைக்காது. ஆனாலும் அதைக் கையால் இழுத்தே இன்புறும் என்கிறது. தலைவன், பரத்தை என்ற வேறொரு பேச்சுக்கு உவமையாக வந்த செய்திதான் இது. என்றாலும் விளையாட்டுப் பொருளின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் அரிது. வண்டி தானாக ஓடுவதில் குழந்தைக்கு இன்பமில்லை, தான் இழுப்பதில்தான் இருக்கிறது. நவீன ஆய்வு ஒன்று இதே இடத்துக்கு வந்து நிற்பதைப் பின்னால் பார்ப்போம்.

பெரியாழ்வாரின் தாலாட்டைப் பரிசுப் பட்டியலாகவும் படிக்கலாம். குழந்தைக் கண்ணனுக்குப் பிரமன் தொட்டில் அனுப்புகிறான். சிவன் மாதுளம்பூ வடிவ மணி கோத்த இடுப்பணி அனுப்புகிறான். இந்திரன் கிண்கிணி தருகிறான். தெய்வங்கள் தரும் பொன்னும் மணியும்தான். ஆனால் எல்லாமே பச்சைக் குழந்தையின் உடம்புக்கான பொருள்கள். படுக்க ஒன்று, இடுப்புக்கு ஒன்று, காலில் ஒலிக்க ஒன்று.

பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கிறது. கைகளையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கை கொட்டுவது சப்பாணி, நடந்து வருவது வருகை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் அம்மானை, ஊசல் போன்றவை. குழந்தையின் உடல் எதற்குத் தயாராகிறதோ அதற்கேற்ப அதன் கையில் பொருள் மாறுகிறது. மணல்வீடு, பிறகு பறை, பிறகு தேர். குழந்தை வளர்ச்சி நூல்கள் மாதவாரியாகத் தரும் பட்டியலுக்கு நெருங்கிய பார்வை இது. நம் வீடுகளின் கைவினைப் பரிசுகளையும் இந்த வரிசையிலேயே வைத்துப் பார்க்கலாம்.

முதல் பரிசு: பழந்துணி

பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணியைப் போடும் வழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உண்டு. நீண்ட நாள் வாழ்ந்த பெரியவரின் துணியாக இருந்தால் அவருடைய ஆயுள் பிள்ளைக்கு வரும் என்பார்கள். நம்பிக்கையை ஒருபக்கம் வைத்துவிட்டாலும் காரணம் நிற்கிறது. புதுத்துணியில் நெசவின்போது ஏற்றிய கஞ்சியும், கசங்காமலிருக்கச் சேர்த்த வேதிப்பொருள்களும், ஒட்டாத சாயமும் இருக்கும். பலமுறை துவைத்த பருத்தியில் இவையெல்லாம் போயிருக்கும். நூலின் முறுக்கும் தளர்ந்திருக்கும். குழந்தையின் மேல்தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. ஆகவே நாலு தண்ணி என்ற அத்தையின் கணக்கு சரியானதுதான்.

வங்காளத்தில் இதே அறிவு காந்தா என்ற கலையாக வளர்ந்தது. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டு, பிறக்கப்போகும் குழந்தைக்குப் போர்வை தைப்பார்கள். மீனும் தாமரையும் யானையும் அதில் வரும். கர்ப்பகாலத்தில் வீட்டுப் பெண்கள் கூடித் தைப்பதும் உண்டு.

பழந்துணிக்கு இன்னொரு குணம் உண்டு; அது மணம். பிறந்த குழந்தையின் மூக்கு நாம் நினைப்பதைவிடக் கூர்மையானது. 1975இல் எய்டன் மக்ஃபார்லேன் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், தாயின் மார்பில் வைத்திருந்த பஞ்சையும் வேறொரு பெண்ணிடம் இருந்த பஞ்சையும் குழந்தையின் முகத்துக்கு இரு பக்கமும் வைத்துப் பார்த்தார். ஆறு நாள் வயதுக் குழந்தைகள் தம் தாயின் பஞ்சு இருந்த பக்கமே அதிகம் திரும்பின. தாயின் சேலையில் கட்டிய தூளியில் பிள்ளை அழுகையை நிறுத்துவதற்கு ஆட்டம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. குழந்தைகள் ஒரு துணியையோ பொம்மையையோ விடாமல் பற்றிக்கொள்வதை குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டி. டபிள்யூ. வினிகாட் 1950களின் தொடக்கத்தில் விரிவாக எழுதினார். தாயைவிட்டுச் சிறிது நேரம் தனித்திருக்கக் கற்கும் பிள்ளைக்கு அந்தத் துணி பாலமாகிறது என்பது அவர் கருத்து. அதைத் துவைக்கப் போட்டால் பிள்ளை ஏன் ஊரைக் கூட்டுகிறது என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

தூளியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குழந்தை தூங்குமிடம் சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும், மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் இதை மீண்டும் வலியுறுத்தியது. தூளியில் குழந்தையின் உடல் வளையும், தாடை நெஞ்சில் அழுந்தும், துணி முகத்தை மூடும் வாய்ப்பும் உண்டு. ஆளிருந்து ஆட்டும்வரை தூளி. கண்ணயர்ந்ததும் பாயில் அல்லது சமமான மெத்தையில் மாற்றுவது நல்லது. வீடு நிறைய ஆளிருந்த காலத்தின் பொருளை, இரண்டே பேர் இருக்கும் வீட்டில் அப்படியே பயன்படுத்த முடியாது.

இரண்டாம் பரிசு: கிலுகிலுப்பை

பிறந்த குழந்தைக்கு இருபது முப்பது செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் இடையேயான தூரமும் ஏறக்குறைய அதுதான். வெறும் நிறத்தட்டைவிட, முகமோ வட்டங்களோ வரைந்த தட்டைப் பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் நீண்ட நேரம் பார்ப்பதை உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ் 1963இல் காட்டினார். ஆகவே முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு வெளிர்நீலமும் வெளிர்சிவப்பும் பெரியவர்களின் ஆசைக்குத்தான். குழந்தைக்குக் கறுப்பும் வெள்ளையும் சிவப்பும் பட்டையாகத் தெரிந்தால் போதும்.

அதன்பின் கை விழிக்கிறது. நான்கு மாதமளவில் பிள்ளை பொருளை எட்டிப் பிடிக்கும். பிடித்ததை வாய்க்குக் கொண்டுபோகும். அந்தக் கைக்கென்றே வந்தது பனையோலைக் கிலுகிலுப்பை. விரியாத குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கைக் கிழித்தெடுத்து, ஓலையை ஒரே அகலத்தில் நறுக்குவார்கள். இரண்டிரண்டாக மடித்துப் பின்னினால் பெட்டி போன்ற ஒரு கூடு வரும். மூடும் முன் உள்ளே நாலைந்து சிறு கற்கள். மீதி ஓலையை முறுக்கிப் பின்னினால் கைப்பிடி. பசை இல்லை, ஆணி இல்லை. எடை மிகக் குறைவு என்பதால் பிள்ளை தன் முகத்தின்மேலேயே போட்டுக்கொண்டாலும் அடிபடாது. கைப்பிடி பெரியவரின் சுண்டுவிரல் பருமன்தான். பிள்ளையின் உள்ளங்கை அதற்குமேல் மூடாது. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு போன்ற ஊர்களில் பெண்கள் இன்றும் பனையோலைப் பொருள்கள் பின்னுகிறார்கள். பனை தமிழ்நாட்டின் மாநில மரம்.

கிலுகிலுப்பை குழந்தைக்குக் கற்றுத் தருவது என்ன? 1969இல் உளவியலாளர் கரோலின் ரோவீ, தொட்டிலின் மேலே தொங்கும் பொம்மையோடு குழந்தையின் காலை ஒரு நாடாவால் இணைத்தார். கால் அசைந்தால் பொம்மை ஆடும். இரண்டு மூன்று மாதக் குழந்தைகள் சில நிமிடங்களிலேயே இதைக் கண்டுகொண்டு வேகமாக உதைக்கத் தொடங்கின. பின்னர் நடந்த சோதனைகள், அவை இதைப் பல நாள் கழித்தும் நினைவில் வைத்திருந்ததைக் காட்டின. நான் அசைத்தால் உலகம் அசையும் என்ற பெரிய உண்மையைக் குழந்தை இப்படித்தான் அறிகிறது. கையை ஆட்டினால் கிலுகிலுக்கும், நிறுத்தினால் நிற்கும் ஓலைக்கூடு அந்த உண்மையை நேர்மையாகச் சொல்கிறது. பொத்தானைத் தொட்டால் அரை நிமிடம் தானே பாடிக்கொண்டிருக்கும் பொம்மை அதைக் குழப்புகிறது.

மூன்றாம் பரிசு: நடைவண்டி

ஏறக்குறைய பத்து மாதத்தில் பிள்ளை எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கும். அப்போது தாய்மாமனோ தாத்தாவோ ஊர்த் தச்சரிடம் சொல்லி நடைவண்டி செய்வார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. கட்டையின் உயரம் பிள்ளையின் நெஞ்சுக்கு. கடையில் விற்கும் உட்கார்ந்து நகரும் வண்டியில் பிள்ளை துணித் தொட்டிலில் தொங்கியபடி நுனிக்காலால் உந்துகிறது. தன் கால் தனக்குத் தெரிவதில்லை. கட்டுப்படுத்த முடியாத வேகத்தில் படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் போய்விடுகிறது. காயங்களின் எண்ணிக்கையைக் கண்டு கனடா 2004இல் அந்த வண்டியின் விற்பனையையே தடைசெய்தது. நடைவண்டியில் பிள்ளை தன் எடையைத் தானே தாங்குகிறது, தன் காலைத் தானே பார்க்கிறது. விழுந்தால் தன் உயரத்திலிருந்துதான் விழும்.

இங்கும் காலம் மாறியதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நடைவண்டி மண்தரைக்கும் சாணம் மெழுகிய முற்றத்துக்கும் பிறந்தது. வழவழப்பான டைல்ஸ் தரையில் மரச்சக்கரம் வழுக்கி ஓடும். சக்கரத்தில் பழைய சைக்கிள் டியூபை வரிந்து கட்டினால் அந்த ஓட்டம் அடங்கும். பிடிக்கட்டையின் எதிர்ப்பக்கம் கொஞ்சம் கனம் சேர்த்தால் பிள்ளை இழுக்கும்போது வண்டி பின்னால் கவிழாது. தச்சருக்கு இரண்டும் சிறிய வேலை.

நான்காம் பரிசு: செப்பு

தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரம் மரச்செப்புக்குப் பேர்போன ஊர். அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, குடம், பானை, அடுப்பு என்று ஒரு சமையலறை முழுவதும் உள்ளங்கை அளவில் மரத்தில் கடைந்து தருவார்கள். அதைக் கடைசல் வேலை என்பார்கள். சுழலும் கடைசல் எந்திரத்தில் மரத்துண்டைப் பொருத்தி, உளியை ஒட்டிப் பிடித்தால் சுருள் சுருளாகச் சீவல் பறக்க, சதுரக் கட்டை உருண்டையாகும். முன்பு கயிற்றை இழுத்துச் சுழற்றியதை இப்போது மின்மோட்டார் சுழற்றுகிறது. நிறம் ஏற்றுவதில்தான் இந்தக் கலையின் நுட்பம் இருக்கிறது. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவார்கள். உராய்வில் சூடு பிறந்து அரக்கு உருகி மரத்தோடு சேரும். தூரிகை இல்லை, பெயிண்டு இல்லை. கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏடிகொப்பாகாவிலும் இதே முறைதான். அங்கே வெட்பாலை மரம் பயன்படுகிறது. வெள்ளையாக, இழை நெருங்கி, சிராய் எழும்பாத மரம். அரக்கு ஒரு பூச்சியின் பிசின்; மஞ்சள், அவுரி போன்ற தாவர நிறங்களோடு சேரும்போது, வாயில் வைக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான மெருகு கிடைப்பது கடினம்.

செப்பு வைத்து விளையாடும்போது பிள்ளை சோறு பொங்குகிறது, இல்லாத சோற்றை நமக்கு ஊட்டுகிறது. ஒன்றை வேறொன்றாகக் கொள்ளும் இந்தத் திறனே மொழிக்கும் கதைக்கும் வேர். 2016இல் அன்னா சோசா வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. 10 முதல் 16 மாதக் குழந்தைகளோடு 26 பெற்றோர் விளையாடுவதை அவர் பதிவு செய்தார். மின்னணுப் பொம்மைகளோடு விளையாடியபோது பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன. புத்தகத்தோடு ஒப்பிட்டால் குழந்தையின் மழலையும் குறைந்தது. அடுக்குக் கட்டை, புதிர்ப்பலகை போன்ற எளிய பொருள்களோடு பெற்றோரின் பேச்சு கூடியது. புத்தகத்தோடு இன்னும் கூடியது. பொம்மை பேசினால் மனிதர் பேசுவதில்லை; பொருள் தானாக இயங்காதபோதுதான் விளையாட்டு ஆளின் கைக்கு வருகிறது. கையால் இழுத்து இன்புறும் பிள்ளையைப் பாடிய குறுந்தொகைப் புலவர் கண்டதும் இதுதான்.

அன்பு மட்டும் போதாது

கைப்பொருளைப் போற்றும் நாம் அதன் கேடுகளை மறைக்கக் கூடாது. கையால் செய்தது, இயற்கையானது என்ற இரண்டு சொற்களும் குழந்தையைக் காப்பாற்றாது.

குன்றிமணியை எடுத்துக்கொள்வோம். சிவப்பும் கறுப்புமாக அழகானது. கிலுகிலுப்பைக்குள்ளும் கைவளையிலும் போட ஆசை வரும். அதனுள் இருக்கும் ஏப்ரின் மிகக் கொடிய நஞ்சு. முழு விதையின் ஓடு கெட்டியானது. ஆனால் மாலை கோக்கத் துளையிட்டாலோ பிள்ளை கடித்தாலோ அந்தக் காவல் போய்விடும். குழந்தைப் பொருளில் குன்றிமணி கூடவே கூடாது.

அடுத்து வசம்பு. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கியது. வளையாகக் கோத்துப் பிள்ளையின் கையில் கட்டுவது பரவலான வழக்கம். வசம்பில் உள்ள ஆசரோன் என்ற பொருள் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதைக் கண்டு அமெரிக்கா 1968இல் உணவில் அதைத் தடைசெய்தது. கையில் கட்டியது எதுவும் நான்காம் மாதத்தில் வாய்க்குப் போகும் என்பதை மறக்கலாகாது. தலை உருண்டையாக வேண்டுமென்று தைத்துக் கொடுக்கும் கடுகுத் தலையணையும் இப்படித்தான். தலையை வடிவாக்கும் தலையணைகள் மூச்சுத் திணறலுக்கு இடமளிக்கும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. ஒரு வயது வரை தூங்குமிடத்தில் தலையணையோ பஞ்சுப் பொம்மையோ வேண்டாம் என்பதே மருத்துவர்களின் சொல்.

சிறு துண்டுகளுக்கு ஓர் அளவு உண்டு. பன்னாட்டுப் பொம்மைத் தரங்கள் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையை வைத்துச் சோதிக்கின்றன. எந்தத் துண்டு அதற்குள் முழுமையாக அடங்குகிறதோ, அது மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடும். காகிதத்தைச் சுருட்டி 32 மி.மீ. குழாய் செய்துகொண்டால் வீட்டிலேயே சோதிக்கலாம். பித்தான், பாசிமணி, பொம்மைக் கண் எல்லாம் அதற்குள் விழும். கண்ணை நூலால் தைத்துவிடுவதே வழி. செப்புச் சாமானில் உள்ள குட்டிக் கரண்டியும் விழும். ஆகவே செப்பு மூன்று வயதுக்குமேல். கயிறும் நாடாவும் ஒரு சாணைத் தாண்டக் கூடாது. பதினெட்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைக்குத் தரநிலை சொல்லும் 22 செ.மீ. ஏறக்குறைய ஒரு சாண்தான். அத்தை தைத்த நாடா அந்த அளவில் பாதிகூட இல்லை.

வண்ணத்துக்கும் ஒரு வார்த்தை. ஈயத்துக்குக் குழந்தையின் உடலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கும் பழைய பெயிண்டு டப்பாவை எடுத்துப் பொம்மைக்குப் பூசுவது அறியாமல் செய்யும் தீங்கு. பூசாமல் விட்டு, தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்த மரமே போதும்.

சட்டமும் கைவினைஞரும்

இந்திய அரசின் பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2020இல் பிறப்பிக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயமானது. ஓலை பின்னும் ஒரு பெண்ணோ, வீட்டு முற்றத்தில் கடைசல் வைத்திருக்கும் ஒருவரோ ஆய்வகச் செலவைத் தாங்க முடியாது. அதனால் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. இந்த விலக்கு நியாயமானது. ஆனால் அதன்பின் அந்தப் பொருளின் பாதுகாப்பு செய்பவர் கையிலும் வாங்குபவர் கையிலும்தான் இருக்கிறது. ஆகவே உருளைச் சோதனையும், ஈயமில்லா நிறமும், நாடா அளவும் கைவினைஞர்களுக்குத் தமிழில், படத்தோடு, இலவசமாகச் சொல்லித்தரப்பட வேண்டும். ஒரு நாள் பயிற்சியில் முடியக்கூடிய வேலை இது.

இன்னொன்றையும் செய்யலாம். அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2015இல் ஒரு பரிசுப் பெட்டகத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பதினாறு பொருள்களில் கிலுகிலுப்பையும் பொம்மையும் இருந்தன. பின்லாந்து 1938 முதல் தாய்மார்களுக்குப் பெட்டி தந்துவருவதை உலகமே பாராட்டுகிறது. நம்முடைய எண்ணமும் அதற்குக் குறைந்ததில்லை. இத்தகைய பெட்டகம் எப்போது தரப்பட்டாலும் அதிலுள்ள கிலுகிலுப்பை பனையோலையிலும் பொம்மை கடைசல் மரத்திலும் இருக்கட்டும். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் தேவைப்படும் பொருள் அது. அழியும் கலை என்று வருந்திக்கொண்டிருக்கும் கலைக்கு அதுவே வேலையாகும்.

எத்தனை பரிசு?

கையால் செய்த பொருளில் அன்பு இருக்கிறது என்று மக்கள் உண்மையிலேயே உணர்வதை ஃபுக்ஸ், ஷ்ரையர், வான் ஒஸெலார் ஆகிய மூவரின் 2015ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நெருங்கியவர்களுக்குப் பரிசளிக்கும்போது கைவினைப் பொருளை விரும்பும் மனம் கூடுகிறது. ஆனால் இது கொடுப்பவரின் மனம். பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் தெரியும் உண்மை வேறு. 2018இல் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 குழந்தைகளை ஒரு முறை நான்கு பொம்மைகளோடும் இன்னொரு முறை பதினாறு பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் நின்று, பலவிதமாக விளையாடினார்கள். முதல் பிறந்தநாளில் அறை நிறைய அடுக்கும் பெட்டிகள் பிள்ளையின் கவனத்தைச் சிதறடிக்கின்றன. கையால் செய்வதற்கு நேரம் பிடிப்பதே ஒரு நன்மை; நேரம் பிடிக்கும் பொருள் குவியாது.

அடுத்து ஒரு பிறப்புச் செய்தி வரும்போது, கடைக்குக் கிளம்பும் முன் பீரோவைத் திறந்து பாருங்கள். பலமுறை துவைத்த ஒரு நூல் சேலை நிச்சயம் இருக்கும். இன்னொரு முறை துவைத்து, வெயிலில் காயவைத்து, நான்கு துண்டாகக் கிழியுங்கள். ஓரம் சுருட்டித் தையுங்கள். தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும். நாடா வைத்தால் விரல் நீளம் போதும். தையல் வராதவர்கள் ஓலை பின்னும் பெண்ணிடம் ஒரு கிலுகிலுப்பை வாங்குங்கள். உள்ளே என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டு வாங்குங்கள். கொடுக்கும் முன் கைப்பிடியை உங்கள் சுண்டுவிரலோடு ஒட்டிப் பாருங்கள். அதைவிடப் பருமனாக இருந்தால் அது அந்தப் பிள்ளைக்கு ஆகாது.